டேங்க் கதவு திறக்காவிட்டால்…

தோட்டங்களில் சம்பளம் போடும் நாள், மலையக வியாபாரிகளுக்கு மாதத்தில் முக்கியமான நாளாகும். விடியற்காலையில் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பெற்றோல் ஷெட்டுக்குள் நுழைகிறீர்கள். ஆசனத்துக்கு அருகிலுள்ள லீவரை இழுத்தால், டேங்கின் வெளிக்கதவு அசையவில்லை. பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். அவசரத்தில் ஸ்குறூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் உரிந்து, கதவும் வளைந்துவிடும். ஐந்து நிமிட வேலை கராஜ் வேலையாகிவிடும். அன்றைய வியாபாரம் வேறு கடைக்குப் போய்விடும்.

எப்படி இயங்குகிறது?

நம்மவர்கள் பாவிக்கும் பெரும்பாலான ஜப்பானிய வாகனங்களில் லீவரிலிருந்து டேங்க் கதவு வரை ஒரு கேபிள் செல்கிறது. லீவரை இழுத்தால் கதவைப் பிடித்திருக்கும் கொக்கி பின்வாங்கும். உடனே ஒரு சிறிய ஸ்பிரிங் தகடு கதவை வெளியே தள்ளும். கொக்கி, கேபிள், ஸ்பிரிங் ஆகிய மூன்றில் ஒன்று பழுதானாலும் கதவு திறக்காது.

மலையகத்தில் இத்தொல்லை வருவதற்குக் காரணம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகள் ஓயாமல் நனைகின்றன. தோட்டப் பாதைகளின் சேறு கொக்கியில் படிந்து, துரு பிடிக்கிறது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் உறைபனியும் விழுவதுண்டு. அப்போது கதவின் ஓரத்தில் தங்கிய நீர் உறைந்து ஒட்டிக்கொள்ளலாம்.

லீவரே பழுதைச் சொல்லும்

லீவர் வழமைபோல் இறுக்கமாக இருந்தும் கதவு எழும்பவில்லையாயின், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது அழுக்கு அடைத்திருக்கும். லீவர் தொளதொளவென்று வந்தால் கேபிள் அறுந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். லீவர் அசையவே மறுத்தால் கொக்கியோ கேபிளோ துருவால் இறுகியிருக்கலாம். பலத்தை உபயோகித்து லீவரை உடைத்துவிடாதீர்கள்.

என்ன செய்யலாம்?

முதலில், ஒருவர் லீவரை இழுத்துப் பிடித்திருக்க, மற்றவர் கதவை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி விட வேண்டும். பல சந்தர்ப்பங்களில் இதுவே போதுமானது. அதற்கும் எழும்பாவிட்டால், லீவரை இழுத்த நிலையிலேயே பழைய பிளாஸ்டிக் அட்டையொன்றைக் கதவின் விளிம்பில் நுழைத்து மெல்ல வெளியே தள்ளலாம்.

கேபிள் அறுந்திருந்தால் டிக்கியைத் திறந்து, டேங்க் கதவு உள்ள பக்கத்து உட்தகட்டைச் சற்று விலக்கிப் பாருங்கள். பல கார்களில் கேபிளின் முனையை அங்கே காணலாம். அதைப் பிளையரால் இழுத்தால் கொக்கி விடுபடும். சில வாகனங்களில் அவசரத்துக்கென்றே ஒரு சிறு கயிறும் இருக்கும்.

மின்சாரத்தில் இயங்கும் கதவாயின், வாகனக் கதவுகள் அனைத்தையும் இரண்டு மூன்று முறை பூட்டித் திறந்து பாருங்கள். பின்னர் பியூஸையும் பற்றரியையும் சோதியுங்கள்.

உறைபனியாயின் கொதிநீர் ஊற்ற வேண்டாம்; பெயின்ட் கெடுவதோடு அந்நீரே மீண்டும் உறையும். வெதுவெதுப்பான துணியை வைத்தால் போதும். தீக்குச்சியையோ லைட்டரையோ கிட்டவும் கொண்டுவரக் கூடாது.

வருமுன் காப்போம்

கதவு திறந்ததும் வேலை முடிந்துவிட்டதென எண்ண வேண்டாம். கொக்கியையும் பிணைச்சலையும் துடைத்து, சிலிக்கன் ஸ்பிறே அல்லது சிறிது கிறீஸ் இடுங்கள். தளர்ந்த ஸ்பிரிங் தகட்டைச் சற்று வெளியே வளைத்துவிடலாம். கேபிள் மாற்ற வேண்டுமாயின் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த உதிரிப்பாகங்களும் கிடைக்கும். வாகனத்தின் மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

2022இல் எரிபொருளுக்காக வரிசையில் நாட்கணக்கில் காத்துக் கிடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிக் காத்திருந்து பம்புக்கு முன்னால் வந்தபின் கதவு திறக்காவிட்டால் எப்படியிருக்கும்? ஆகவே சம்பள நாளுக்கு முந்திய மாலையே டேங்கை நிரப்பி வையுங்கள். கதவு மக்கர் செய்தாலும், அதைச் சரிசெய்ய ஓர் இரவு கையிலிருக்கும்.