திங்: சபையில் பிறந்த சொல்

“தங்கச்சி, ‘திங்’ எண்டா சாமான்தானே? அப்ப ஏன் கோட்டுக் கடிதத்தில ‘திங்ரெத்’ எண்டு போட்டிருக்கு?”

‘திங்ரெத்’ எனப்படும் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றத்தின் வாசலில் ஒரு முதியவர் என்னிடம் கேட்டார். நான் அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர். நோர்வேக்கு வந்த எம்மவர் பலர் இந்தச் சொல்லை முதலில் கடைத்தெருவில்தான் கற்கிறார்கள். உண்மையில் சாமான் என்ற பொருள் பிந்தியது. சபை என்பதே மூத்த பொருள்.

வைக்கிங் காலத்தில் அடிமையல்லாத ஆண்கள் குறித்த காலத்தில் வெட்டவெளியில் கூடி, காணிச் சண்டை முதல் கொலைப்பழி வரை பேசித் தீர்த்த கூட்டமே ‘திங்’. சபையைக் குறித்த சொல் சபையில் பேசப்பட்ட விவகாரத்தையும், பிறகு எந்த விடயத்தையும், கடைசியில் எந்தப் பொருளையும் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தின் ‘திங்’, ஜெர்மனின் ‘டிங்’ இரண்டும் இதே வழியில் வந்தவை. ‘சாக்’ என்ற சொல்லும் அப்படித்தான்: நோர்வேயில் இன்றும் அது நீதிமன்ற வழக்கைக் குறிக்கும், சுவீடனிலோ சாதாரணப் பொருளையும் குறிக்கும்.

நோர்வேஜிய மொழி இரு பொருளையும் இலக்கணப் பாலால் பிரிக்கிறது. ‘திங்கென்’ என்றால் அந்தப் பொருள். ‘திங்கே’ என்றால் அந்தச் சபை. 1814இல் பிறந்த நோர்வே நாடாளுமன்றம் ‘ஸ்தூர்திங்’, அதாவது பெருஞ்சபை. டென்மார்க்கினது ‘ஃபோல்கெதிங்’, மக்கள் சபை. சுவீடனின் மாவட்ட நீதிமன்றத்தின் பெயரிலும் ‘திங்’ உண்டு. பழைய குலதிங், ஃப்ரொஸ்ததிங் சபைகளின் பெயர்களை நோர்வேயின் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டு இன்றும் தாங்குகின்றன.

என் மனதுக்கு மிக நெருக்கமானது ஐஸ்லாந்தின் ‘அல்திங்கி’. கி.பி. 930இல் திங்வெட்லிர் சமவெளியில் அது தொடங்கியபோது சட்டம் எழுத்தில் இல்லை. ‘சட்டம் சொல்பவர்’ என்றொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் சட்டப்பாறையில் நின்று ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, மூன்றாண்டில் முழுச் சட்டத்தையும் மனப்பாடமாக உரக்கச் சொல்ல வேண்டும். 1117-18 குளிர்காலத்தில்தான் சட்டத்தை ஏட்டில் எழுதத் தொடங்கினார்கள்.

தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஒருவர் தன் காதால் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சபையின் இந்த அறம் பழசாகவில்லை. மொழி தெரியாதவருக்கு அவருடைய மொழியிலேயே வழக்கை விளக்கும் ஒவ்வொரு நீதிமன்றமும் ‘திங்’ என்ற பெயருக்கு உரியதாகிறது.