பட்டியலில் உங்களுக்குப் பின்னால் யார்?

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனம் ஒன்றில் சேரும் விமானிக்குத் தொடக்கத்திலேயே ஓர் எண் தருகிறார்கள். அதுதான் சீனியாரிட்டி எண். எந்த விமானத்தை ஓட்டலாம், எந்த ஊரிலிருந்து பறக்கலாம், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்க முடியுமா, எந்த வயதில் கேப்டன் ஆகலாம் என்பதையெல்லாம் அந்த எண்தான் தீர்மானிக்கிறது. நம் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவு மூப்பைப் போல இங்கேயும் தேதிதான் சொத்து; திறமைசாலி என்பதற்காக யாரும் வரிசையைத் தாண்டிவிட முடியாது. நிறுவனம் தள்ளாடும்போது ஆட்குறைப்பும் இதே பட்டியலின்படிதான் நடக்கும். கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேறுவார். ஆனால் அவரை ஒரேயடியாக நீக்கிவிடுவதில்லை. சம்பளம் நின்றுவிடும், எண் மட்டும் அவர் பெயரிலேயே இருக்கும். நிலைமை சீரானதும் அந்த வரிசைப்படியே திரும்ப அழைக்க வேண்டும் என்பது தொழிற்சங்க ஒப்பந்தம். இந்த இடைநிலைக்குத்தான் ‘ஃபர்லோ’ என்று பெயர்.

ஃபர்லோவில் இருக்கும் விமானிக்கு எதிரே மூன்று வழிகள் உண்டு. அழைப்பு வரும்வரை வேறு ஏதாவது வேலை பார்த்துக் காத்திருந்து திரும்பிப் போகலாம். ரிசர்வ் படையிலோ நேஷனல் கார்டிலோ இருப்பவரானால், ராணுவப் பணிக்குப் போய் எண்ணைச் சட்டத்தின் பாதுகாப்பில் விட்டுவைக்கலாம். இல்லாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னொரு நிறுவனத்தில் புதிய எண்ணோடு அடிமட்டத்திலிருந்து தொடங்கலாம். இதைப் பொறுமை, விசுவாசம், துணிச்சல் என்ற சொற்களால் அளப்பதுதான் வழக்கம். என் பார்வையில் அந்த அளவுகோல்கள் எதுவும் உதவாது. சீனியாரிட்டி எண்ணுக்கென்று தனி மதிப்பு கிடையாது. உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் வந்து சேரப்போகிறார்கள் என்பதே அதன் மதிப்பு. அடுத்த ஆட்குறைப்பின்போது அவர்கள்தான் உங்களுக்கு அரண். மூன்று வழிகளையும் இந்த ஒரே கேள்வியால்தான் எடைபோட வேண்டும்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நடந்தவற்றைப் பார்த்தால் இது விளங்கும். பயணிகள் குறைந்தனர், நிறுவனங்கள் சேவைகளை வெட்டின. யுனைடெட் நிறுவனம் மட்டும் 2,172 விமானிகளை ஃபர்லோவில் அனுப்பியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்த நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. காத்திருந்தவர்களில் பலருக்கு 2005 முதல் 2007 வரையிலான ஆண்டுகளில் அழைப்பு வந்தது, மகிழ்ச்சியோடு திரும்பினார்கள். ஆனால் அவர்கள் திரும்பியது பட்டியலின் அடிப்பகுதிக்கு. பின்னால் நின்றவர்கள் வெகு சிலரே. 2008-இல் எரிபொருள் விலையும் நிதி நெருக்கடியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கியபோது, யுனைடெட் தன்னிடமிருந்த 94 போயிங் 737 விமானங்களையும் ஓரங்கட்டி, 1,437 விமானிகளை மறுபடி வெளியே அனுப்பியது. முன்பே ஒருமுறை வெளியேறித் திரும்பியவர்கள் பலர் அந்தக் கணக்கில் இருந்தார்கள். திரும்ப அழைக்கப்பட்டது அவர்களைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியிருக்கக்கூடியது அவர்களுக்குப் பின் நடக்காமல்போன ஆள்சேர்ப்பு.

அந்த ஆள்சேர்ப்பு ஏன் நடக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அதுவரை அமெரிக்க விமானிகள் 60 வயதில் கட்டாயமாக ஓய்வு பெற வேண்டியிருந்தது. 2007 டிசம்பரில் வந்த சட்டம் அதை 65 ஆக உயர்த்தியது. மேலே இருந்தவர்களுக்கு ஐந்து ஆண்டு கூடுதல் சம்பளம், கீழே இருந்தவர்களுக்கு ஐந்து ஆண்டு தேக்கம். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் நிலைமை இன்னும் மோசம். 2001-க்குப் பிறகு அந்த நிறுவனம் புதிய விமானிகளைச் சேர்த்தது 2013-இல்தான். அதுவரை திரும்பி வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மூப்புப் பட்டியல் ஏணி என்று நினைப்பவர்கள் அது கீழ்நோக்கியும் நகரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் நதியில் இறங்கிய யுஎஸ் ஏர்வேஸ் விமானத்தின் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் அதற்கு முன்பு கேப்டனாக இருந்தவர். நிறுவனம் சுருங்கியதால் பட்டியல் அவரைத் துணை விமானியின் இருக்கைக்கு இறக்கியது. ஏர்பஸ் ஏ320-க்குப் பயிற்சி முடித்து அவர் பறந்த முதல் பணிச்சுற்று அது. அவருடைய திறமையை உலகமே பார்த்தது. பட்டியலுக்கு மட்டும் அது கணக்கில் வராது.

அப்படியானால் ராஜினாமாவே மேல் என்று சிலர் சொல்வார்கள். சவுத்வெஸ்டுக்குப் போனவர்களைக் காட்டுவார்கள். 2001-இலும் சரி, பெருந்தொற்றுக் காலத்திலும் சரி, அந்த நிறுவனம் ஒரு விமானியைக்கூட ஃபர்லோவில் அனுப்பவில்லை. உண்மைதான். ஆனால் அவர்கள் செழித்ததற்குக் காரணம் பழைய எண்ணை விட்டது அல்ல. அவர்கள் சேர்ந்த பட்டியல் பின்னால் நீண்டுகொண்டே போனது. அதே காலத்தில் வளரும் நிறுவனம் என்று நம்பி இண்டிபெண்டன்ஸ் ஏரில் சேர்ந்தவர்கள் 2006 ஜனவரியில் தெருவுக்கு வந்தார்கள். 2008 மார்ச் கடைசி நாளிலிருந்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள் அலோஹாவின் பயணிகள் சேவை, ஏடிஏ, ஸ்கைபஸ் மூன்றும் அடுத்தடுத்து நின்றன. நிறுவனம் மூடிவிட்டால் எண்ணும் அதோடு போயிற்று. இன்னொரு நிறுவனத்தில் அது செல்லாது. நிறுவனங்கள் இணைந்தாலும் இதே ஆபத்து உண்டு. 2001-இல் டிடபிள்யூஏ-வை அமெரிக்கன் வாங்கியபோது, டிடபிள்யூஏ விமானிகளில் பெரும்பகுதியினரை ஒருங்கிணைந்த பட்டியலின் அடியில் சேர்த்தார்கள். அடுத்து வந்த ஆட்குறைப்பில் முதல் அடி அவர்களுக்கே விழுந்தது.

மூன்று வழிகளில் திரும்பப் பெற முடியாதது ராஜினாமா ஒன்றுதான். ஃபர்லோ விமானியை வேலைக்கு எடுக்கும்போது, பழைய எண்ணைக் கைவிட்டதாக எழுதித் தரச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. பயிற்சிக்குச் செலவழித்த ஆள் ஓராண்டில் கிளம்பிவிடக் கூடாதென்பது அவர்கள் கவலை, நியாயமான கவலைதான். அப்படிக் கேட்காதவரை எண்ணை வைத்திருப்பதில் நஷ்டமில்லை. பல ஒப்பந்தங்களில் அழைப்பு வரும்போது ‘இப்போது வேண்டாம், எனக்கு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்’ என்று தள்ளிப்போடவும் இடமுண்டு. முகவரியைப் புதுப்பித்து, மருத்துவச் சான்றிதழைக் காலாவதியாகாமல் பார்த்துக்கொண்டு, கெடு தேதிக்குள் பதில் எழுதினால் போதும். மற்றபடி, ராஜினாமாவுக்கு ஈடாகப் புதிய இடத்தில் கிடைப்பது வளரும் பட்டியலா, தேங்கிய பட்டியலா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

ராணுவ வழி இவற்றிலிருந்து வேறுபட்டது. அதைச் சட்டம் தாங்கிப் பிடிக்கிறது. 1994-இன் சீருடைப் பணியாளர் மறுவேலை உரிமைச் சட்டப்படி, படைப்பணிக்குப் போனவர் திரும்பி வரும்போது, விட்டுப் போன படியில் நிற்க வேண்டியதில்லை. போகாமலே இருந்திருந்தால் எந்தப் படிக்கு ஏறியிருப்பாரோ அங்கே நிற்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-லேயே இந்தக் கொள்கையை எஸ்கலேட்டரை உதாரணம் காட்டி விளக்கிவிட்டது. ஒரே நிறுவனத்தில் மொத்தம் ஐந்து ஆண்டுகள்வரை இந்தப் பாதுகாப்பு செல்லும். சில வகைப் பணிகள் அந்த ஐந்தில் சேராது. ஃபர்லோவில் இருப்பவருக்கும் இது பொருந்தும்: படையில் இருக்கும்போது அழைப்புக் கடிதம் வந்து அவரால் போக முடியாவிட்டால், அந்தக் காரணத்தால் உரிமை அறுந்துவிடாது. பணி 180 நாளைத் தாண்டினால், முடிந்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கிடையே சம்பளம் வருகிறது, குடும்பத்துக்கு மருத்துவ வசதி இருக்கிறது, பறக்கும் பணியானால் கை பழக்கமும் விட்டுப்போவதில்லை. ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு ஆண்டு படையில் இருந்தவருக்கு, 20 ஆண்டை எட்டினால் கிடைக்கும் ராணுவ ஓய்வூதியமும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். ஒன்று, நாட்டுக்காகச் செய்த சட்டத்தைச் சொந்த வசதிக்குக் குடையாகப் பிடிக்கலாமா என்பது. ஆனால் ரிசர்வ் வீரர் தன் பிழைப்பை இழக்காமல் படைக்கு வர வேண்டும் என்பதற்காகவே இந்தச் சட்டம் இயற்றப்பட்டது. அவர் இல்லாத காலத்தில் பட்டியலில் யாருடைய எண்ணும் பின்னுக்குப் போவதில்லை. மாறாக, அவருக்கு அடுத்தவருக்கு அழைப்பு முந்தி வருகிறது. இரண்டாவது மறுப்பு கனமானது. சீருடை போட்டபின் எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். விமான நிறுவனத்தின் அழைப்பைத் தள்ளிப்போடுவது போலப் போர்முனை உத்தரவைத் தள்ளிப்போட முடியாது. இதற்குப் பதில் இல்லை. அதை ஏற்றுக்கொண்டவர்களுக்கே இந்த வழி. தவிர, எஸ்கலேட்டர் கீழேயும் போகும். ஐந்து ஆண்டும் நிறுவனம் யாரையும் அழைக்காமல் இருந்தால், திரும்பி வருபவருக்குக் கிடைப்பது அதே ஃபர்லோதான்.

பின்னால் எத்தனை பேர் வருவார்கள் என்பதை யார் கணிக்க முடியும் என்று கேட்கலாம். போரையும் நோயையும் கணிக்க முடியாதுதான். 2020 அக்டோபர் 1 அன்று அமெரிக்கன் ஃபர்லோவில் அனுப்பிய சுமார் 1,600 விமானிகளுக்கு, டிசம்பரில் அரசின் இரண்டாவது உதவித்தொகை வந்ததும் வேலை திரும்பக் கிடைத்தது. 2001-இல் வெளியேறியவர்களில் சிலர் பத்தாண்டு காத்திருந்தார்கள். ஆனாலும் கணக்கின் ஒரு பாதி எப்போதும் கையில் இருக்கிறது. ஓய்வு வயது சட்டத்தில் இருக்கிறது. எனவே உங்களுக்கு மேலே இருப்பவர்களில் எத்தனை பேர் எந்த ஆண்டில் விலகியாக வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். புதிய விமானங்களுக்கான ஆர்டர்கள் நிறுவன அறிக்கைகளிலேயே இருக்கின்றன. 2007 சட்டத்தால் நின்ற ஓய்வுகள் 2012 முடிவில் மறுபடி தொடங்கும் என்பது அன்றே தெரிந்த விஷயம். அதைக் கணக்கில் எடுத்து எண்ணை விடாமல் வைத்திருந்தவர்களுக்குப் பின்னால் அடுத்த பத்தாண்டில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 2023-இல் டெல்டா விமானிகளுக்கு நான்கு ஆண்டுகளில் 34 சதவீத உயர்வு தரும் ஒப்பந்தம் வந்தபோதும், யுனைடெட்டும் அமெரிக்கனும் அதைப் பின்தொடர்ந்தபோதும், லாபம் யாருக்கு என்பது முன்பே முடிவாகியிருந்தது.

ஆகவே, அழைப்பு வந்தது என்பதற்காக மட்டும் திரும்ப வேண்டியதில்லை. கசப்பு இருக்கிறது என்பதற்காக ராஜினாமா செய்யவும் வேண்டியதில்லை. ஓய்வு பெறவிருப்போர் மேலே நிறையப் பேர், புதியவர்கள் கீழே வரத் தொடங்கிவிட்டார்கள் என்றால் அழைப்பை ஏற்கலாம். அதற்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்றால், படைப்பணிக்குத் தகுதியும் குடும்பத்தின் சம்மதமும் உள்ளவர் அந்தக் காலத்தை அங்கே கழிக்கலாம். இல்லாதவர் அழைப்பைத் தள்ளிப்போட்டு வேறு இடத்தில் பறக்கலாம். ராஜினாமாவைக் கடைசியாகத்தான் கையில் எடுக்க வேண்டும், அதுவும் புதிய பட்டியல் பழையதைவிட வேகமாகப் பின்னால் வளர்கிறது என்று தெரிந்தால் மட்டும். 45 வயதுக்காரருக்கு இன்னும் 20 ஆண்டு பறக்க இருக்கிறது, 58 வயதுக்காரருக்கு ஏழே ஆண்டு. ஒரே பட்டியலைப் பார்த்து இருவரும் வேறு வேறு முடிவுக்கு வந்தால் இருவருமே சரியாக இருக்கலாம்.