தூரத்து அறிமுகமும் வேலைத் தேடலும்

வேலை தேடுபவர் முதலில் நாடுவது நெருங்கிய உறவினரையும் நண்பரையும்தான் என்றாலும், புதிய வேலை பற்றிய தகவல் பெரும்பாலும் அவர்களிடமிருந்து வருவதில்லை என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1970-களிலேயே எடுத்துக்காட்டினார். பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் நேரில் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை வாரம் இருமுறையாவது சந்தித்துவந்தவர்கள் சுமார் 17 விழுக்காட்டினரே. ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் எப்போதாவது சந்தித்தவர்கள். மீதமுள்ள சுமார் 28 விழுக்காட்டினரோ ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் அதுவே அதிகம். உற்ற நண்பர் அறிந்த செய்தி ஏற்கெனவே நம் காதுக்கும் எட்டியிருக்கும். வேறு ஊரில், வேறு நிறுவனத்தில், வேறு மனிதர்களோடு பழகுபவரிடம்தான் நமக்குத் தெரியாத செய்தி இருக்கும். இத்தகைய தூரத்து அறிமுகங்களையே கிரானவெட்டர் ‘வலுக்குறைந்த பிணைப்புகள்’ என்று பெயரிட்டு அழைத்தார்.

2003 மே மாதம் தொடங்கப்பட்டு, 2016-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய லிங்க்ட்இன் தளத்தின் உண்மையான பயனும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக மிகுதியான உறுப்பினர்களைக் கொண்ட இந்தியாவில், பலர் அதை விண்ணப்பங்களைப் போட்டுவைக்கும் பெட்டியாகவே கருதுகின்றனர். அத்தளமோ நேரடித் தொடர்பில் உள்ளவரை முதல் வட்டம் என்றும், அவருக்குத் தெரிந்தவரை இரண்டாம் வட்டம் என்றும் பிரித்துக் காட்டுவதால், முன்பு எவர் கண்ணுக்கும் தெரியாதிருந்த அந்த இரண்டாம் வட்டம் பெயரோடும் பதவியோடும் திரையில் வந்து நிற்கிறது.

கிரானவெட்டரின் கருத்தைப் பெரிய அளவில் சோதித்த ஆய்வு ஒன்று 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. இன்னாரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று லிங்க்ட்இன் காட்டும் பட்டியலைச் சிலருக்கு ஒருவகையாகவும் வேறு சிலருக்கு வேறுவகையாகவும் மாற்றியமைத்து, 2 கோடிக்கும் மேற்பட்டோரிடையே ஐந்தாண்டுகளில் நிகழ்ந்தவற்றை அது ஆராய்ந்தது. வேலை மாற்றத்துக்குப் பெரிதும் துணைநின்றவர்கள் நெருக்கமானவர்களும் அல்லர், முற்றிலும் அந்நியரும் அல்லர். பொதுவான நண்பர்கள் சிலரை உடைய நடுத்தர அறிமுகத்தினரே. கணினிமயம் மிகுந்த துறைகளில் இந்தப் பயன் கூடுதலாகவும், அது குறைந்த துறைகளில் நெருங்கிய உறவுகளின் பயன் கூடுதலாகவும் இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இத்தளத்தில் ஆள் தேடும் நிறுவனத்தினர் தேடுபெட்டியில் சொற்களை இட்டே தேடுகிறார்கள் என்பதால், பெயருக்குக் கீழே உள்ள 220 எழுத்துகளுக்குட்பட்ட தலைப்பு வரி மிக முக்கியமானது. கோயம்புத்தூர்ப் பம்ப் தொழிற்சாலை ஒன்றில் மூன்றாண்டு வேலைபார்த்த ஒருவர், அந்த வரியில் ‘நல்ல வாய்ப்பை எதிர்நோக்கும் உழைப்பாளி’ என்று எழுதினால் அவரை எவரும் கண்டுபிடிக்க முடியாது. ‘தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர், பம்ப் உற்பத்தி, வார்ப்பட ஆய்வு, 3 ஆண்டுகள்’ என்று எழுதினால் அச்சொற்களைத் தேடுபவர் கண்ணில் அவர் படுவார். வேலைக்குத் தயார் என்ற அறிவிப்பைப் பச்சை வளையத்தோடு எல்லோருக்கும் காட்டலாம், வளையம் இல்லாமல் ஆள் எடுப்போருக்கு மட்டும் காட்டலாம். ஆனால் தற்போதைய நிறுவனத்தின் கண்ணில் அது படவே படாது என்று தளம் உறுதியளிப்பதில்லை என்பதால், வேலையில் இருப்பவர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

பெரும்பாலோர் தடுமாறுவது செய்தி எழுதும்போதுதான். முன்பின் பேசாத ஒருவருக்கு ‘சார், ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று எழுதினால், அவர் என்ன செய்ய வேண்டும் என்பதே அவருக்குப் புரியாது, பதிலும் வராது. அதே மனிதருக்கு, ‘வணக்கம் சார், தாங்கள் படித்த கல்லூரியில் 2021-இல் இயந்திரவியல் முடித்து, இப்போது பம்ப் தரப் பிரிவில் வேலை. தங்கள் நிறுவனத்தின் வால்வு பிரிவுக்கு மாற எண்ணம். அங்கே எந்தச் சோதனை முறைகளை அறிந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?’ என்று எழுதினால், இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி அவர் கைக்குப் போய்ச் சேர்கிறது. சிபாரிசு கேட்பதற்கும் தகவல் கேட்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு மிகப் பெரியது: முன்னது கேட்பவரையும் கேட்கப்படுபவரையும் ஒருங்கே கூச வைக்கும், பின்னது தொழில் பற்றிய இயல்பான உரையாடலாகத் தொடங்கும்.

அந்த உரையாடல் வளரும்போது பரிந்துரை தானாகவே வருவதும் உண்டு. தம் பணியாளர் பரிந்துரைத்த ஒருவர் வேலையில் சேர்ந்தால் அந்தப் பணியாளருக்கு ஊக்கத்தொகை வழங்கும் வழக்கம் பல நிறுவனங்களில் இருக்கிறது; எனவே பாதி தெரிந்தவருக்கும் உதவுவதில் அவருக்கு நன்மை உண்டு. ஆயினும் அவர் பெயரும் அதில் சேர்ந்தே போகிறது என்பதால், எந்தப் பணியிடம், அதற்கான எண் என்ன, தமக்கு எந்த வகையில் பொருந்தும் என்பவற்றை நான்கே வரியில் எழுதித் தருவது விண்ணப்பிப்பவரின் கடமையாகிறது.

அந்நியரோடு பேசும் இந்த வழியில் மோசடிக்காரரும் வருகிறார்கள் என்பது வேதனைக்குரியது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கி 2022-இல் மீட்கப்பட்டுத் திரும்பினார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை, மடிக்கணினிக்கான முன்பணம் என எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே உரையாடலை நிறுத்திவிட வேண்டும். இங்கேயும் தூரத்து அறிமுகமே கைகொடுக்கும்: ஆள் எடுப்பதாகச் சொல்பவர் உண்மையில் அங்கே வேலைபார்க்கிறாரா என்று அதே நிறுவனத்தில் உள்ள இரண்டாம் வட்டத்தவர் ஒருவரிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே நாளில் விடை தெரிந்துவிடும். பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து புகார் தந்தால் அத்தொகை வேறு கணக்குக்குப் போவதற்கு முன்பே வங்கியில் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.