பேழைக்குள் ஓர் உலோக உலகம்

பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் ஆகிய ஐந்தையும் ஐம்பொன் என்று வழங்கினர் நம் முன்னோர். அவற்றை அறியாத தமிழர் இல்லை. ஆனால் நையோபியம், தந்தாலம், ஆபினியம், யூரோப்பியம் என்ற பெயர்களைச் சொன்னால், உயர்தர வகுப்பு மாணவனுக்குக்கூட அவை இரண்டெழுத்துக் குறியீடுகளாகவே தோன்றுகின்றன. ஆவர்த்தன அட்டவணையில் இன்று 118 மூலகங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை உலோகங்கள். அணுவெண்ணையும் உருகுநிலையையும் மனனஞ் செய்து ஒப்புவித்தோருள், ஒரு துண்டு தந்தாலத்தைக் கையில் ஏந்திப் பார்த்தவர் எத்தனை பேர்? இக்கேள்விதான் என்னைச் சேகரிப்பாளனாக்கிற்று. தேக்கு மரத்தில் அறை அறையாகத் தச்சர் செய்து தந்த பேழை ஒன்றில், இன்று நாற்பத்து மூன்று உலோகத் துண்டுகளை வைத்திருக்கிறேன்.

வாங்கும்போது இவை கண்ணைக் கவர்வதில்லை. அறுத்த வடுவும் ஒட்சைட்டுப் படலமுமாக, கொல்லன் பட்டறையில் ஒதுக்கிய துண்டுகள் போலவே கிடக்கும். கரட்டு அரத்தாளில் தொடங்கி, வரவர நுண்ணிய தாள்களுக்கு மாறி, நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால்தான் முந்திய கீறல் போயிற்றா என்பது தெரியும். ஈற்றில் அலுமினா மாவைத் துணியில் இட்டு மெருகேற்றுவேன். நையோபியம் மென்மையானது, அவசரப்பட்டால் முகம் இழுபட்டு மங்கும். தங்குதனோ நொறுங்குந் தன்மையது, விளிம்பு உடையும். மெருகு ஏறியபின் எல்லாம் வெள்ளையே என்று எண்ணுவோர் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்கட்டும். தந்தாலத்தில் ஒரு நீலச் சாயல் உண்டு. நிக்கலில் மெல்லிய மஞ்சள். ஒஸ்மியத்தின் நீலமோ இன்னும் தெளிவு. வெள்ளைக்குள் இத்தனை வெள்ளைகள் உண்டென்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.

மாணவர் பெரிதும் விரும்பிப் பார்ப்பவை இரண்டு. ஒன்று கலியம். 1871ஆம் ஆண்டில் மெண்டலீவ் தம் அட்டவணையில் இதற்கு ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, ‘ஏக-அலுமினியம்’ எனப் பெயரும் இட்டார். வடமொழி ‘ஏக’ இரசாயனத்துள் நுழைந்த விந்தை அது! நான்கு ஆண்டுகளின் பின் 1875இல், பிரான்சு தேசத்து லெகோக் டி புவாபோதிரான் அதனைக் கண்டுபிடித்தார். அதன் உருகுநிலை ஏறக்குறைய 29.8 பாகை செல்சியசு. குளிர்நாட்டு நூல்களில் ‘உள்ளங்கையில் உருகும் உலோகம்’ என்று வியந்து எழுதுவர். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் அதற்கு உள்ளங்கை தேவையில்லை. பேழைக்குள்ளேயே உருகி நிற்கும். அதற்கு மெருகேற்றுவது வீண்வேலை. உறையும்போது அது நீரைப் போலவே விரிவதால் கண்ணாடிக் குப்பியை உடைத்துவிடும்; ஆகவே பிளாத்திக்குச் சிமிழில் வைத்திருக்கிறேன்.

மற்றையது கடோலினியம். அறை வெப்பநிலையில் காந்தத்தால் இழுக்கப்படும் உலோகம் என்று இதனைப் பல நூல்கள் இரும்பு, நிக்கல், கோபாற்று ஆகியவற்றுடன் சேர்த்துக் கூறும். எவருடைய அறை? இதன் காந்தத் தன்மை மாறும் எல்லை ஏறக்குறைய 20 பாகை. நண்பகலில் என் மேசைமீது சாதாரணக் காந்தத்தைக் கொண்டுபோனால் கடோலினியம் அசைவதில்லை. பொலித்தீன் பையிலிட்டுச் சற்றுநேரம் பனிக்கட்டியில் வைத்து எடுத்தாலோ, தாவிச் சென்று ஒட்டிக்கொள்ளும். சூடேறியதும் தானே விழும். நுவரெலியாவில் ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அத்துண்டை இரவல் வாங்கிச் சென்றார். அங்கே மார்கழிக் காலையில் பனிக்கட்டியின்றியே அது காந்தத்தில் தொங்கிற்று என்று எழுதினார். ஒரே தீவில், ஒரே உலோகம், இரண்டு இயல்பு! ‘அறை வெப்பநிலை’ என்ற சொல்லை வெறுமனே மனனஞ் செய்த வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

வெப்பம் இவ்வாறெனில், காற்று இன்னும் கொடியது. அருமண் உலோகங்களுள் இற்றேர்பியம், லுற்றேசியம் போன்றவை உலர்ந்த இடத்தில் பளபளப்பை நெடுநாள் காக்கும். இலந்தனம் சில நாளில் கறுக்கும். யூரோப்பியமோ எல்லாவற்றிலும் விரைந்து கெடுவது. பழைய நிறத் தொலைக்காட்சிகளில் நாம் கண்ட சிவப்பு அதன் சேர்வைகள் தந்ததே. ஆயினும் அதன் வெள்ளிமுகத்தைக் காண விரும்புபவர், ஆகன் வாயு நிரப்பி மூடிய கண்ணாடிக் குழாய்க்குள்தான் காணவேண்டும். கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் அக்குழாய் உடைந்தால் எஞ்சுவது நிறங்கெட்ட பொடியே. இளஞ் சேகரிப்பாளருக்கு ஓர் எச்சரிக்கை: சீரியம் போன்றவற்றை உலர்நிலையில் அராவாதீர்கள், அதன் தூள் தீப்பற்றும். சிகரெட் பற்றவைக்கும் இலைற்றரின் பொறிக்கல்லில் இருப்பதும் அதுவே.

இவ்வளவு பாடுபட்டு இவற்றைச் சேர்ப்பது எதற்கு என்று என் வீட்டாரே கேட்டதுண்டு. ஒலிவர் சாக்சு என்ற நரம்பியல் மருத்துவரின் வாழ்வைப் படித்தபோது அதற்கு ஒரு மறுமொழி கிடைத்தது போலிருந்தது. 1933இல் இலண்டனில் பிறந்த அவருக்குத் தங்குதன் இழை மின்குமிழ் செய்யும் தாய்மாமன் ஒருவர் இருந்தார். ‘தங்குதன் மாமா’ எனப் பொருள்படும் தலைப்பிலேயே 2001இல் தம் இளமை வரலாற்றை எழுதினார் சாக்சு. முதுமையில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தம் வயதுக்குரிய அணுவெண் கொண்ட மூலகத்தை மேசையில் வைத்தார். 81இல் தாலியம், 82இல் ஈயம். 83க்கு உரிய பிசுமதுவைத் தாம் காணப்போவதில்லை என்பதை அறிந்தும், அதனையும் பக்கத்திலே வைத்துக்கொண்டார். 2015 ஆகத்தில் ஈயத்தின் வயதிலேயே மறைந்தார்.

அவர் மேசையில் ஈயச் சிமிழுக்குள் தோரியமும் இருந்தது. கதிர்வீசும் உலோகமாதலால் அதனை நான் வாங்கவில்லை. ஆயினும் என் பேழையில் அதற்கு ஓர் அறை உண்டு. பெற்றோமக்ஸ் விளக்கின் மாந்திளுக்கு ஒளி தந்தது தோரிய ஒட்சைட்டே. அது செறிந்த கரிய கனசதுரக் கனிமம் ஒன்று நம் நாட்டில், பலாங்கொடைப் பகுதியில் கிடைத்தது. அதனை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர், அந்நாளில் இலங்கைக் கனிம ஆய்வுப் பணிப்பாளராயிருந்த ஆனந்த குமாரசுவாமி. கலைமேதையென்றே நாம் போற்றும் அவரேதான். 1904இல் அது தோரியனைற்று எனப் பெயர்பெற்றது. இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்தில் இருந்த ஒற்றோ ஹான், இலங்கையின் அக்கனிமத்திலிருந்து 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டார்.

அணுவெண் 90க்கு உரிய அறையில் உலோகம் இல்லை. ‘பலாங்கொடை’ என்று மையால் எழுதிய சிறு சீட்டொன்று இருக்கிறது. பேழையைப் பார்க்க வரும் மாணவர்கள் பிளாற்றினத்தைக்கூட விட்டுவிட்டு, அதைப்பற்றியே முதலில் கேட்கிறார்கள்.