சட்டத்துக்கேற்ற சக்கரம்

பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக விளங்கிய ஜான் பாய்ட் டன்லப் 1888 ஆம் ஆண்டில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனுடைய முச்சக்கர வண்டி அதிராமல் ஓடவேண்டும் என்பதே அம்முயற்சிக்குத் தூண்டுகோல். ஆயினும், பிற்காலத்துப் பந்தய மிதிவண்டிகளில் டயர் வரவர ஒடுங்கலாயிற்று. 23 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் காற்றை இறுக அடைத்தால்தான் வேகம் மிகும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அந்நம்பிக்கை இன்று தளர்ந்துவிட்டது. பந்தய வீரர் பலர் 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகன்ற டயர்களை நாடுகின்றனர். 1896 இல் தொடங்கிய பாரிஸ்–ரூபே பந்தயத்தின் கற்பாவிய சாலைகளில் 30 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட டயர்களும் ஓடுகின்றன. ஆகவே, பழைய பந்தய மிதிவண்டி வைத்திருப்போர்க்கும் அகன்ற சக்கரம் மாட்டும் ஆசை எழுதல் இயல்பே. அவ்வாசைக்கு எல்லை வகுப்பது எது என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் அகலத்தின் பயனை நோக்குவோம். ஒரு சக்கரத்தின் மேல் 42 கிலோ பாரம் இருப்பதாகவும், டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் இருப்பதாகவும் கொள்வோம். டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 7 சதுர சென்டிமீட்டர் ஆகும். அழுத்தம் மாறாதவரை, டயர் அகன்றாலும் இப்பரப்பு பெரிதும் மாறுவதில்லை. அதன் வடிவமே மாறுகிறது. ஒடுங்கிய டயரின் தடம் நீண்டு மெலிந்திருக்கும். அகன்ற டயரின் தடம் குறுகிப் பரந்திருக்கும். டயரில் மை தடவி, வெள்ளைத் தாளின் மேல் வண்டியை அழுத்தினால் மாணவரும் இதனைக் கண்ணாரக் காணலாம். தடம் குறுகினால் டயரின் பக்கச்சுவர் வளைந்து நிமிர்வது குறையும். அதனால் வீணாகும் ஆற்றலும் குறையும். மேலும், அகன்ற டயரில் காற்றைக் குறைத்து அடைக்கலாம். கரடான சாலையில் வரும் அதிர்ச்சியை டயரே உள்வாங்கிக் கொள்ளும். ஒடுங்கிய டயரில் காற்றைக் குறைத்தாலோ, குழியில் விழும்போது ரிம் தரையில் மோதி டியூப் கிழியும்.

பயன் இத்தகையதாயினும், இடமின்றி எதனையும் புகுத்த இயலாது. சட்டத்தில் ஆராயவேண்டிய இடங்கள் மூன்று: முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின் உட்புறம், பெடல் அச்சுக்குப் பின்னால் பின்சக்கரத்தின் இருபுறமும் செல்லும் குழாய்களின் இடைவெளி, ரிம்மைப் பற்றும் பிரேக்கின் அடிப்பகுதி. இவற்றுள் மிக நெருக்கமான இடமே எல்லை. ஒவ்வொரு பக்கத்திலும், மேலேயும், குறைந்தது 4 மில்லிமீட்டராவது ஒழிவிடம் வேண்டும். வலுவாக மிதிக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் சற்று வளையும். கம்பி தளர்ந்தால் கோணும். டயரில் சிறு கல்லும் ஒட்டிக்கொள்ளும். ஒழிவிடம் போதாவிடில் டயர் சட்டத்தைத் தேய்க்கும். கார்பன் இழைச் சட்டமாயின் அறுத்தே விடக்கூடும். முன்சக்கரம் சிக்கி நின்றுவிட்டால் ஓட்டுபவர் தலைகுப்புற வீழ்வார்.

டயரின் மேல் பொறித்த எண்ணை மட்டும் நம்புதலும் தகாது. 28-622 என்பதில் 28 டயரின் அகலம். 622 டயரின் ஓரம் ரிம்மில் பதியும் வட்டத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு. ஆனால் ரிம்மின் உள்ளகலம் 1 மில்லிமீட்டர் கூடினால் டயர் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் விரியும். 15 மில்லிமீட்டர் ரிம்மில் இருந்த டயரை 23 மில்லிமீட்டர் ரிம்மில் ஏற்றினால், அதே டயர் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பருத்துவிடும். ஆதலின், காற்றடைத்த பின் அளந்த அளவே உண்மை அளவு என்க.

சக்கரத்தையே மாற்றுவோர் அச்சையும் நோக்கவேண்டும். ரிம் பிரேக் கொண்ட அண்மைக்காலப் பழைய சட்டங்களில் பின்னச்சு இடைவெளி பெரும்பாலும் 130 மில்லிமீட்டர். இன்றைய டிஸ்க் பிரேக் சக்கரங்களுக்கு 142 மில்லிமீட்டர். எஃகுச் சட்டத்தைத் தேர்ந்த கைவினைஞர் சிறிதளவு விரித்துத் தரலாம். அலுமினியச் சட்டத்தையும் கார்பன் சட்டத்தையும் விரித்தல் கூடாது.

சிறிய சக்கரத்தில் பருத்த டயர் மாட்டும் வழியும் ஒன்றுண்டு. 622 விட்டத்தில் 28 டயர் ஏற்றினால் மொத்த விட்டம் 678. 584 விட்டத்தில் 47 டயர் ஏற்றினாலும் அதே 678. உயரம் மாறாது. எனினும், ரிம் 19 மில்லிமீட்டர் கீழிறங்குவதால் ரிம் பிரேக்கின் கட்டை எட்டாது. எனவே இது டிஸ்க் பிரேக் வண்டிக்கே பொருந்தும். அங்கும் 47 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சட்டத்தில் இடமிருத்தல் வேண்டும்.

அளந்தறியும் முறை எளிது. தடிப்புத் தெரிந்த அலன் சாவிகளை டயருக்கும் சட்டத்துக்கும் இடையே செருகிப் பார்க்கலாம். 23 மில்லிமீட்டர் டயரின் இருபுறமும் 6.5 மில்லிமீட்டர் ஒழிவிடம் இருப்பின் மொத்த இடம் 36. ஒழிவிடத்துக்கு 8 கழித்தால் எஞ்சுவது 28. அதுவே அச்சட்டம் ஏற்கும் அகலம். டயரின் உயரமும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கூடுமாதலால், மேலே முன்னமே 9 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பழமொழி. 28 புகாத சட்டத்தில் 25 புகுமாயின், அதனை மாட்டிக் காற்றைச் சற்றே குறைத்து ஓட்டினும் பயணம் இதமாகும்.