ஆளுக்கு ஆள் – 14: பூச்சிக்கு மணி பார்க்கத் தெரியுமா?

போன வாரம் 1854-ல், லண்டன் பிராட் தெருக் குழாயடியில், ஜான் ஸ்நோவோடு நின்றோம். காலரா தண்ணீரில் வந்தது. மீதி உங்களுக்கே நினைவிருக்கும். இந்த வாரம் ரொனால்ட் ராஸ், செகந்திராபாத், மலேரியா என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ராஸைப் படிக்க உட்கார்ந்தவன் அவருடைய குருநாதர் பேட்ரிக் மேன்சனிடம் மாட்டிக்கொண்டேன். மூன்று நாளாகியும் வெளியே வர முடியவில்லை. கட்டுரை எங்கே என்று இரண்டு முறை போன் வந்துவிட்டது. ஆகவே, இந்த வாரம் யானைக்கால்.

முதலில் ஒரு பழைய ராத்திரி. கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். எனக்கு எட்டு வயது. மணி ஒன்பதரை இருக்கும். "ரத்தம் எடுக்க வந்துட்டாங்க!" என்று கத்திக்கொண்டே பக்கத்து வீட்டுப் பையன் ஓடினான். நான் நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். வந்தவர்கள் டார்ச் வெளிச்சத்தில் விரலைப் பஞ்சால் துடைத்து, ஊசியால் சுருக்கென்று ஒரு குத்து குத்தி, பிதுக்கிய சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தடவினார்கள். தூக்கம் கெட்ட பாட்டிக்குக் கோபம்.

"ஏம்ப்பா, பகல்ல வந்தா ரத்தம் வராதா?"

"பகல்ல எடுத்தா பூச்சி சிக்காது பாட்டி. ராத்திரிதான் வெளில வரும்."

"ஓகோ! பூச்சிக்கு மணி பார்க்கத் தெரியுமா?"

தெரியும். அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகையும்.

1877, சீனாவின் அமோய் துறைமுகம். அங்கே சுங்கத் துறை மருத்துவராக இருந்தார் மேன்சன். அவருடைய தோட்டக்காரர் ரத்தத்தில் யானைக்கால் இளம்புழுக்கள் நெளிந்தன. கொசு மொய்க்கும் அறையில் அவரைத் தூங்கவைத்து, அவர் ரத்தம் குடித்த கொசுக்களைக் காலையில் பிடித்து, அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார் மேன்சன். கொசுவின் வயிற்றுக்குள் போன புழு செரித்துப்போகவில்லை. குடலைத் துளைத்து, மார்புத் தசைக்குள் புகுந்து வளர்ந்துகொண்டிருந்தது.

அதைவிட விசித்திரம் பிறகு வந்தது. ஒரே ஆளின் ரத்தத்தைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தார். பகலில் தேடினாலும் கிடைப்பது அரிது. பொழுது சாய்ந்ததும் ஒன்றிரண்டு தலைகாட்டும். நள்ளிரவில் மொய்க்கும். விடிந்தால் காலி! பகல் முழுக்க அவை நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. காரணம் எளிது. இந்தப் புழுவைச் சுமக்கும் சாக்கடைக் கொசு, க்யூலெக்ஸ், ராத்திரியில்தான் கடிக்கும். பகலில் தோலருகே வந்து என்ன பயன்? வண்டி வரும் நேரத்துக்குத்தானே ஸ்டாப்பில் போய் நிற்பார்கள்!

இந்தச் செய்தி லண்டனுக்குப் போனபோது, புழுக்கள் கைக்கடியாரம் வைத்திருக்கின்றனவா என்று அங்கே யாரோ கிண்டல் செய்ததாக ஒரு கதை உண்டு. அது எங்கள் பாட்டியின் கேள்வியேதான்.

கடியாரம் நம்முடையது. 1881-ல் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி என்ற மருத்துவர், நோயாளி ஒருவரைப் பகலில் தூங்கவைத்து ராத்திரியில் விழித்திருக்கச் செய்தார். சில நாட்களில் புழுக்களும் ஷிஃப்ட் மாறிவிட்டன! பாலினீசியத் தீவுகளில் இதே புழுவைச் சுமப்பது பகலில் கடிக்கும் கொசு. அங்கே இளம்புழுக்கள் பகலில்தான் ரத்தத்தில் அதிகம்.

இவ்வளவு கண்ட மேன்சன் ஒரு இடத்தில் சறுக்கினார். கொசு தண்ணீரில் செத்து விழுகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று நம்பினார். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. பிரிஸ்பேனிலிருந்து தாமஸ் பாங்க்ராஃப்ட் என்ற மருத்துவர் கொசுக்களை அவருக்கு அனுப்பிவைத்தார். அவருடைய அப்பா ஜோசப் பாங்க்ராஃப்ட்தான் 1876-ல் வளர்ந்த புழுவை முதலில் கண்டவர். வந்த கொசுக்களை மெல்லிய சீவல்களாகச் சீவிய ஜார்ஜ் லோ, 1900-ல் கொசுவின் ஊசிமூக்குக்குள்ளேயே புழுவைப் பார்த்தார்.

ஆனால் கொசு அதை ஊசிபோல ஏற்றுவதில்லை. கடிக்கும்போது புழு தோலில் இறங்கி, கடித்த துளையைத் தேடி ஊர்ந்து நுழைய வேண்டும். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் பல்லாயிரமாகப் பெருகும். இது பெருகாது; ஒன்று போனால் வெளியே வருவது அதிகபட்சம் ஒன்று. அதனால் ஒரு கடியில் இந்த நோய் வருவது அபூர்வம். வருஷக்கணக்கில் கடிபட வேண்டும்.

எங்கள் தெருவில் கால் வீங்கிய மாமா ஒருவர் இருந்தார். கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். கால் அந்த அளவுக்கு வீங்கிவிட்ட பலருடைய ரத்தத்தில் இளம்புழுவே இருக்காது என்பதை இந்த வாரம்தான் படித்தேன். நாலு இலை தள்ளி, நல்ல காலோடு உட்கார்ந்து பாயசத்தை உறிஞ்சியவர் ரத்தத்தில் அவை ஆயிரக்கணக்கில் நீந்தியிருக்கலாம். அவருக்கே தெரிந்திருக்காது. அதனால்தான் அன்று ராத்திரி வந்தவர்கள் வீங்கிய கால்களை மட்டும் தேடாமல், வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள்.

குதிருக்குப் பின்னால் ஒளிந்தவனை அன்று யாரும் தேடவில்லை. தேடியிருக்க வேண்டும்.

ராஸ் அடுத்த வாரம். இந்த முறை நிச்சயம்.