தலைக்கு மேலே விளம்பரம்

விமான சாகசம் நடக்கப்போகிறது என்பதை அந்தக் காலத்தில் ஊருக்கு எப்படித் தெரிவித்தார்கள் தெரியுமா? விமானத்தை வைத்தேதான்! முதல் உலகப் போர் முடிந்ததும், அமெரிக்க ராணுவம் பயிற்சிக்கு வைத்திருந்த 'ஜென்னி' விமானங்கள் மலிவு விலைக்கு வந்தன. இரண்டடுக்கு இறக்கை, துணி போர்த்திய மரச்சட்டம். விமானிகள் பலர் அவற்றை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். ஒரு சிற்றூர் கண்ணில் பட்டால் போதும். கடைத்தெருவுக்கு மேலே தாழப் பறந்து வட்டமடிப்பார்கள், துண்டுச் சீட்டுகளைத் தூவுவார்கள். என்ன சத்தம் என்று பார்க்க ஊரே வெளியே ஓடிவரும். அதற்குள் விமானம் பக்கத்து வயலில் இறங்கிவிடும். வானில் குட்டிக்கரணம், இறக்கை மேல் நடை, பாராசூட் குதிப்பு எல்லாம் அங்கே உண்டு. சில டாலர் கொடுத்தால் விமானத்தில் ஏறி ஒரு சுற்றும் வரலாம். அமெரிக்கர்கள் பலர் முதன்முதலில் விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததே இப்படித்தான். 1920களின் தொடக்கத்தில் இறக்கை மேல் நடந்து காட்டிய இளைஞர்களில் ஒருவர் சார்லஸ் லிண்ட்பெர்க். 1927-ல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு, எங்கும் இறங்காமல், தன்னந்தனியாகப் பறந்து உலகப் புகழ் பெற்றவர் அவரேதான்.